பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் வரும் அம்மா

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையிலிருந்தே தூறல். மடிவாளா பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பு. கடலூர் பஸ் லேட். அம்மா இறங்கினாள். அதே ஒயர் கூடை, அதே இருமல்.

நாளை மறுநாள் பௌர்ணமி. கடல் ஏறும் நாட்கள். சாக்கடை வழியாகவே வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. அங்கே மழையே இல்லை, சுள்ளென்று வெயிலாம். கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும். இப்போது மாதம் இரண்டு தடவை. கடல் மட்டம் உயர்ந்துவிட்டதென்று டிவியில் சொன்னார்களாம். அவர்கள் சொல்லித்தான் தெரியணுமா என்கிறாள்.

லேபுக்கு லேட். சூப்பர்வைசர் முறைப்பு.

ஆகஸ்ட் 9, சனி. பௌர்ணமி

கீழ்வீட்டு ஓனரம்மா வாழைப்பழமும் பாலும் கொடுத்தனுப்பினார். அம்மா விரதம் இருக்கத்தான் பௌர்ணமி, அமாவாசை தவறாமல் மகள் வீட்டுக்கு வருகிறாள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். அம்மாவும் மறுக்கவில்லை. வீட்டுக்குள் கடல் வருகிறதென்று சொல்ல அவளுக்கு மானம் போகிறது. ஆக, கதவைச் சாத்திக்கொண்டு சோறும் காரக்குழம்பும். பழத்தை நான் தின்றேன். சிரிப்பு வந்தது, அழுகையும்.

இங்கேயே இருந்துவிடு என்றேன், மறுபடியும். மருமகன் வீட்டில் போய் நிரந்தரமாக உட்காருவதா என்று அதே பதில். ஒரு கட்டில் வாங்கிப் போடுகிறேன் என்றார் என் கணவர் குமார். வேண்டாமாம். வந்துபோகிறவளுக்குப் பாய் போதுமாம். அதையும் என்னிடம்தான் சொன்னாள். அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அம்மா கிளம்பிப் போனாள். சாயங்காலம் போன். வீடெல்லாம் சேறு, சுவரில் உப்பு பூத்துக் காரை உதிர்கிறது, கழுவிக்கொண்டிருக்கிறாள். இனி அமாவாசை வரை நிம்மதி. நடுவில் அஷ்டமி, நவமி நாட்களில் தண்ணீர் தெருவை எட்டிக்கூடப் பார்க்காது. அவளும் வெளியே கிளம்பமாட்டாள். அஷ்டமியில் தெருமுனைக் கடைக்குப் போவதற்குக்கூட யோசிப்பவள். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்வாள்.

கேஸ் புக் பண்ண வேண்டும். குமாருக்கு மாத்திரை. தரை துடைக்க மாப்.

ஆகஸ்ட் 23, சனி. அமாவாசை

அம்மா வியாழனே வந்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் அலுப்பு. லீவு கிடையாது.

ஓனரம்மா மேலே வந்தார். மகளுக்கு வரன் அமையவில்லை, இந்த விரதத்தை எனக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று அம்மா எதிரே உட்கார்ந்துவிட்டார். மாட்டிக்கொண்டோம். அம்மா கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்தாள். பிறகு, நாள் முழுக்க உப்பில்லாமல் சாப்பிட வேண்டும் என்று அடித்துவிட்டாள். அவரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு போனார்.

என்னம்மா இது என்றேன்.

"உப்பக் கண்டாலே வெறுப்பா இருக்குடி."

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அம்மாவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அப்பாடா என்றிருந்தது. அப்படி நினைத்ததற்கு என்மேலேயே கோபம். அமாவாசையன்று ஓனர் வீட்டில் ரசத்தில் உப்பில்லை என்று பெரியவர் சத்தம் போட்டாராம். பாவம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தூங்கலாம் என்று நினைத்த ஒரே நாள். விடிந்ததும் அம்மா போன். மடிவாளாவில் நிற்கிறேன், வந்து கூட்டிக்கொண்டு போ என்றாள்.

காலண்டரைப் பார்த்தேன். அஷ்டமி. கிட்டே போய் மறுபடி பார்த்தேன். அஷ்டமிதான்.

ஒயர் கூடையைக் காணோம். இரண்டு சாக்கு மூட்டை, மிக்ஸி, அப்பா படம். ஆட்டோவில் படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஓனரம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். கன்னடக்காரர், எங்களோடு தமிழ்தான்.

"ஏனு விசேஷ? இன்னிக்கு அஷ்டமி ஆச்சே. இதுக்கு என்ன விரதம்மா?"

அம்மா மூட்டையை இறக்கி வைத்தாள்.

"விரதம்லாம் ஒண்ணுமில்லம்மா. எப்பவுமே இருந்ததில்ல. வீட்டுக்குள்ள கடல் தண்ணி. இந்தத் தடவ எறங்கவே இல்ல."

ஓனரம்மா கோலமாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு படியேறினார்.

குமார் கதவைத் திறந்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரிடமே கேட்டாள்.

"மாப்ள, ஓரமா ஒரு கட்டில் போட எடமிருக்குங்களா?"