எழும்பாத பந்தி

அடுப்பில் உலர்திராட்சை வேகிற வாசம் வீடெல்லாம் நிற்கிறது. நாளை நம் சபையில் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் இராப்போஜன ஆராதனை. ஊறவைத்து, வேகவைத்து, வெள்ளைத் துணியில் இரண்டு தரம் வடிகட்டும் உன் முறையை, நீ கண்மூடிய பிறகும் நான் மாற்றவில்லை. இந்த வாசத்தில் உன்னோடு பேசுவது வழக்கம். இன்று முறையிடுகிறேன். எனக்குக் கோபம் வந்திருக்கிறது என்றால் நீ நம்பமாட்டாய்.

திருச்சுழிப் பக்கம் இந்தச் சின்னச் சபைக்கு நீ போதகராக வந்தபோது எனக்குச் சங்கடம். அருப்புக்கோட்டைப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவனை எப்படி ஐயா என்பது? "கோயிலுக்குள்ள ஐயா. வாசப்படி தாண்டுனா ஏலே" என்று நீயே தீர்த்துவைத்தாய்.

அந்த வருடமே, கோயில் கட்ட இடம் கொடுத்த வீட்டுப் பெரியவர் இராப்போஜனத்தில் தம் குடும்பத்துக்கு முதல் பந்தியைத் தனியாகக் கேட்டார். ஒத்துக்கொள்ளும்படி உன் அங்கியைப் பிடித்து இழுத்தவன் நான். பீடத்துச் சிலுவையைக் காட்டி நீ பணிவாகத்தான் சொன்னாய்: "பந்தி அவரோடது அண்ணாச்சி. வரிசை மாத்த எனக்கு அதிகாரம் கெடையாது." அவர் சில மாதம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, லோடு ஏற்றும் ஆட்களுக்கு நடுவில் வந்து முழங்காற்படியிட்டார். பீடத்துக்கு முன்னால் முழங்காற்படியிடும் கிராதியில் கடைசி ஆளும் அப்பமும் ரசமும் பெற்ற பிறகே வரிசை முழுதும் சேர்ந்து எழ வேண்டும் என்பதை அன்றிலிருந்து நீ கண்டிப்பாக்கினாய்.

போதகருக்கு ஒரு அதிகாரமும் இல்லையா என்று, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது கேட்டேன். விறகு லாரி போகட்டும் என்று ஒதுங்கி நின்றபடி சொன்னாய்: "தீர்க்கதரிசிக எல்லாம் கர்த்தர் சொல்றாருன்னாக. சிலுவையில தொங்குன இவரு ஒருத்தருதான் நான் சொல்றேன்னாரு. உன் பாவத்த மன்னிச்சேன்னாரு. தேவன் மட்டும் சொல்லக்கூடியது அது. அந்த 'நான்' நம்ம வாயில வந்துச்சுன்னா செத்தோம்லே."

அந்த 'நான்' வந்துவிட்டது.

விசைத்தறிக்குப் போகும் எஸ்தரை உனக்குத் தெரியும். அவள் மகனுக்குப் பந்தல்குடியில், பெண் வீட்டார் முறைப்படி பிள்ளையார் கோயிலில் கல்யாணம் நடந்தது. பெற்றவள் போய் நின்று வாழ்த்தினாள். சபைக்கு முன்னால் தன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் உன் இடத்துக்கு வந்த புதிய போதகர். "தப்புன்னா ஆண்டவர்ட்ட கேட்டுக்கிறேன்" என்றாள். போன மாதப் பந்தியில், நீட்டிய அவள் கைகளில் அப்பம் வைக்காமல் தாண்டிப் போனார்.

ஆண்கள் வரிசை முடிந்து பெண்கள் வரிசை தொடங்கும் இடத்தில், நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். போதகர் வரிசையைச் சமாதானத்தோடு எழுந்து போகச் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். என்னால் முடியவில்லை. துணிச்சல் என்று நினைக்காதே, நீ வைத்த முறைதான்: எஸ்தர் இன்னும் பெறவில்லை. எழுந்த இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி முழங்காற்படியிட்டார்கள். போதகர் குனிந்து, "எந்திரிங்க சார். நான் சொல்றேன்ல" என்றார்.

யாருடைய சொல்லை எடுத்து யார்மேல் வீசுகிறார் இந்த மனிதர்? காற்றும் கடலும் கீழ்ப்படிந்த அந்த அதிகாரம் தீட்டென்று ஒதுக்கப்பட்டவர்களைத் தொட்டது. சீஷர்களின் கால்களைக் கழுவியது. ஒரு தாயின் வெறுங்கையைத் தாண்டிப் போவதற்கா அது? மேசைக்காரர் இருக்கும்போதே, பரிமாற வந்தவர் விருந்தாளியை விரட்டுகிறார். ஆராதனையைக் குலைத்துவிட்டேனோ என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கோபம்தான் மிஞ்சுகிறது.

இன்று காலை எஸ்தர் பஸ் நிறுத்தத்தில் வந்து, "சார், எனக்காக நீங்க கெட்ட பேரு வாங்காதீக. நாளைக்கி நான் வரல" என்றாள்.

"வரணும்மா. பந்தி அவரோடது" என்றேன். குரல் என்னுடையது. சொல் உன்னுடையது.

திராட்சை ரசம் ஆறிவிட்டது. நாளைக்கு எத்தனை பேருக்கு என்று, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை கேட்டுவிட்டுப் போனார். எஸ்தரையும் சேர்த்துச் சொன்னேன். எனக்கு முழங்கால் வலி இருக்கிறது. நாளையும் அவளுக்குக் கிடைக்காவிட்டால், அது வலித்துக்கொண்டே கிராதியிலேயே இருக்கட்டும்.