ஒண்ணாவது லெவல் யாருக்கு, நைனா?

பேச்சுக்கு முன்னால் இருமலை அனுப்பி வைக்கும் என் நைனாவுக்கு,

நலமா என்று கேட்க முடியாது. அங்கேயாவது மூச்சு தாராளமாகக் கிடைக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் செல்விதான். ஆண்டர்சன்பேட்டையில் நீங்கள் கட்டிய மூன்று அடுக்கு வீட்டில், கீழே, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாசலில் யாராவது நின்றால் போதும், மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறேன்.

நேற்று மதியம் ஒருவன் எதிரே பைக்கை நிறுத்திவிட்டு நம் வீட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இன்னாப்பா வேணும் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, வீடு கோர்ட்டுல கீதுன்னு சொன்னாங்க. ஏலத்துக்கு வந்தா நமக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். எவ்வளவு மரியாதை பாருங்கள். என் தையல் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தவள்தான், ஒரு பாவாடைக்கு ஓரம் அடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

ஆமாம் நைனா, நம் வீடு கோர்ட்டில் இருக்கிறது. இத்தனை நாள் உங்கள் படத்துக்கு முன்னால் நின்றுகூட இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அண்ணன் பாகம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். நானும் தம்பி பாபுவும் பிரதிவாதிகள். சம்மன் கொண்டுவந்தவர் வாசலில் நின்று உங்கள் பெயருக்கு முன்னால் 'லேட்' சேர்த்து உரக்கப் படித்தார். தெருவே கேட்டது.

நாம் கோரமண்டல் சுரங்க லைன் வீட்டில் இருந்த காலத்தில் பூமிக்குள் பாறை வெடித்தால் மேலே பாத்திரமெல்லாம் உருளும். அம்மா எங்களை வெளியே இழுத்துக்கொண்டு ஓடிவந்து, நீங்கள் எந்த ஷிப்ட் என்று விரலை மடக்குவாள். இப்போது தபால்காரர் வண்டி சத்தம் கேட்டாலே நானும் அப்படித்தான் வாசலுக்கு ஓடுகிறேன்.

எல்லாம் நீங்கள் ஆஸ்பத்திரியில் சொன்ன ஒரே பேச்சில்தானே தொடங்கியது? எழுதிக் கொடுங்கள் என்று கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. மாஸ்க்கைத் தள்ளிவிட்டு, எங்கள் மூவரையும் பார்த்து நீங்களாகவே சொன்னீர்கள்: "ஒண்ணாவது லெவலு பெரியவனுக்கு. ரெண்டாவது சின்னவனுக்கு. மூணாவது பாப்பாக்கு. சண்ட போடாதீங்க." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். எங்கிருந்து எண்ணினீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் காலமெல்லாம் கேஜ் கூண்டில் இறங்கியவர் நீங்கள். அங்கே லெவல் என்றால் மேலிருந்து கீழே எண்ணுவது. தரைக்கு அடுத்தது ஒன்று, ஆழம் போகப்போக எண்ணும் கூடும். அந்தக் கணக்கில் ஒண்ணாவது லெவல் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் வீடு, அது அண்ணனுக்கு; மூணாவது லெவல் தெருவோடு இருக்கும் இந்தக் கடையும் பின்கட்டும், அது பாப்பாவான எனக்கு. அண்ணனோ பெங்களூரில் லிப்டில் ஏறி இறங்கி வேலை பார்ப்பவர். ஒன்று என்றால் கீழே, கடையோடு சேர்த்துத் தனக்கு என்று சொல்லிவிட்டார்.

ஓசூரில் இருக்கும் பாபுவுக்குத்தான் ஒரு கவலையும் இல்லை. "எனக்கு மேலேருந்து எண்ணுனாலும் ரெண்டு, கீழேருந்து எண்ணுனாலும் ரெண்டு. நீங்க ரெண்டு பேரும் எண்ணி முடிங்க, நான் வந்து கையெழுத்துப் போடறேன்" என்று போனில் சிரிக்கிறான். உங்கள் செல்லம் அப்படியேதான் இருக்கிறது.

நீங்கள் எண்ணிய விதம் எனக்குத் தெரியும். வீடு கட்டும்போது கூட இருந்தவள் நான் ஒருத்திதானே. மாடி டேங்கிலிருந்து பைப் இறக்கும்போது, ஒண்ணாவது லெவலுக்கு ஒரு வால்வு போடு என்று பங்காருபேட்டையிலிருந்து வந்த பிளம்பரிடம் சொன்னீர்கள். அந்த மனிதர் கீழே, கடைச் சுவரில் போட்டுவிட்டார். "இன்னாய்யா, தலகீழா எண்ணுற?" என்று கத்தினீர்கள். அவருக்குத் தெலுங்கில் கோபம், உங்களுக்கு இருமலில் கோபம். நடுவில் நான் இரண்டு பேருக்கும் டீ கொடுத்தேன். எதற்கும் உதவாத அந்த வால்வில்தான் இப்போது இஞ்ச் டேப்பை மாட்டி வைத்திருக்கிறேன்.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை நைனா. அன்றைக்கு உங்களுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. யார் வீடு, எந்த ஊர் என்று கூடச் சில நேரம் குழம்பினீர்கள். ஒருவேளை அன்று மட்டும் தெருவிலிருந்து எண்ணியிருந்தால்? நானாக எனக்கு வசதியான பக்கத்திலிருந்து எண்ணிக்கொள்கிறேனோ?

உங்கள் வார்த்தைக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை என்று என் வக்கீலம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். எழுத்தில் இல்லாததால், அம்மாவும் உங்களுக்கு முன்பே போய்விட்டதால், மூவருக்கும் சமபாகம். சமமாகப் பிரிக்க முடியுமா என்று பார்க்கக் கோர்ட் அனுப்பிய கமிஷனர் ஒருவர் டேப்போடு வந்தார். உங்கள் கட்டிலைக்கூட நகர்த்தச் சொல்லி அளந்தார். ஒரே படிக்கட்டு, ஒரே டேங்க், கடை ஒரு பக்கம்தான், சமமாகப் பிரிக்க வராது என்று அறிக்கை கொடுத்துவிட்டார். நாங்களாகப் பேசி ராஜி செய்துகொள்ளாவிட்டால் கடைசியில் விற்றுக் காசாகத்தான் பிரிப்பார்களாம். அப்படி விற்றால் நானும் உங்கள் பேத்தி ரம்யாவும் எங்கே போவோம்? உங்கள் மருமகன் இருந்தவரை இப்படி ஒரு கேள்வியே எனக்கு வந்ததில்லை.

போன வாரம் ராஜி பேச முதல்முறை கூப்பிட்டார்கள். கோர்ட்டில் மாடி அறை. மீடியேட்டர் ஒரு அம்மாள், கன்னடக்காரர், முகத்தில் நல்ல அமைதி. உங்கள் அப்பா என்னதான் சொன்னார் என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு எழுத்து மாற்றவில்லை நைனா. ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவது, சண்டை போடாதீங்க என்றதுவரை நீங்கள் சொன்னபடியே சொன்னார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "ஹேளம்மா, பயப்படாதே" என்று பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் என்னைச் சொல்லச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. வரும் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

இறங்கி வந்தால் கீழே பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் போன பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது உங்களுக்குத் தெரியாது. வலது கால் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. படி ஏற முடியாமல் அங்கேயே இருந்துவிட்டாராம். "நல்லா கீறியா செல்வி? எளச்சிட்டியே" என்று என் கையைப் பிடித்தார். வழக்குப் போட்ட வீட்டு மனுஷியிடம் எப்படி முகத்தைத் திருப்புவது என்று பயிற்சி செய்துகொண்டு போயிருந்தேன். அத்தனையும் வீண்.

அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். வழக்குக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு இது.

"பாப்பா, வக்கீலுங்க இல்லாம ஒண்ணு கேக்கறேன். நைனா எங்கேருந்து எண்ணுனாரு?"

"மேலேருந்துண்ணா."

"எனக்குத் தெரியும்" என்றார். "ஆஸ்பத்திரியிலயே தெரியும். சுரங்க ஷாப்ட் பக்கத்துல வளந்தவனுக்கு லெவல் தெரியாதா? ஆனா இவளுக்கு இப்படி ஆவும்னு நைனாவுக்குத் தெரியாதே. பெங்களூர்ல வாடகை குடுத்து மாளல. இவள இட்டுனு நான் மேல எப்படி ஏறுவேன், சொல்லு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முன்னைவிடப் பயம்தான் அதிகமானது. அண்ணன் ஏமாற்றுக்காரர் என்றே வைத்துக்கொண்டு இத்தனை நாள் தெம்பாக இருந்துவிட்டேன். இப்போது யாரோடு சண்டை போடுவது? அங்கேயே வைத்து ஒரு பதில் சொல்லியிருக்கலாம். ரம்யா காலேஜ் விட்டு ரயிலில் வரும் நேரமாயிற்று என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ரம்யாவிடம் நடந்ததைச் சொன்னேன். கீழ்வீட்டை விட்டுக்கொடுக்கும் எண்ணம் என் மனசில் ஓடுவதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். "ம்மா, ப்ளீஸ். ராஜின்னா ஒருதடவ சைன் பண்ணா அவ்ளோதான். நாளைக்கு மாமாவோட பசங்க வந்து காலி பண்ணுன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டாள். வக்கீலம்மாவும் இதையேதான் கேட்கிறார். அண்ணனை நம்பலாம். அண்ணனுக்குப் பிறகு? அந்தப் பிள்ளைகளை நான் பார்த்தே எத்தனையோ வருஷம் ஆகிறது. தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியுமா என்பதே சந்தேகம்.

வெயில் காலத்தில் மேல்வீடு எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? பெரியவனை மேலே போகச் சொல்வீர்களா? அண்ணியை ஒருமுறை பார்த்திருந்தால் எண்ணிக்கையையே மாற்றியிருப்பீர்களா? கேட்டுக் கேட்டுப் பார்க்கிறேன். இருமல்கூட வரவில்லை.

அதனால் நானே முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை அந்த அம்மாள் முன்னால் வாயைத் திறப்பேன். என் நைனா மேலிருந்துதான் எண்ணுவார், கீழ்வீடு அவர் எனக்குக் கொடுத்தது என்று சொல்வேன். அண்ணனும் தெரிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று கேட்பேன். அவர் சொன்ன பிறகு, தெருப்பக்கத்துக் கடையை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டு, பின்கட்டை அண்ணிக்கு விட்டுவிடுவேன். பதிலுக்கு நானும் ரம்யாவும் அண்ணனுக்கு வந்த மேல்வீட்டுக்குப் போகிறோம். அண்ணன் கடையையும் சேர்த்து முழுசாகக் கேட்பாரா, இதற்கு ஒத்துக்கொள்வாரா, பிறகு மாறுவாரா, ஒன்றும் தெரியவில்லை. ராஜிப் பத்திரத்தில் என் கையெழுத்து கோணலாகத்தான் விழும், அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

ஆனால் பயந்துகொண்டு அந்த அறையில் இன்னொரு முறை வாயடைத்து நிற்க மாட்டேன். நீங்கள் கொடுத்ததை நீங்கள் கொடுத்தீர்கள் என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டுத்தான், அதில் பாதியை என் கையால் கொடுப்பேன். இது உங்கள் மேல் சத்தியம், நைனா.

உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் பிறந்த மகள்,
செல்வி