பெயர் சொல்லிப் பழகு

லாஸ் பல்மாஸ்,
ஸ்பெயின் தேசத்துத் தீவு,
12 ஜனவரி 1958

அன்புள்ள தையலுக்கு,

உன் மாமன் காய்ச்சல் விட்டு, எழுந்து நடமாடி, வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் முதலில் அதைச் சொல்லு. வேலை பார்த்த கப்பலில் காய்ச்சல் கண்டதும் கப்பல்காரர்கள் என்னை இங்கே ஆசுபத்திரியில் இறக்கிவிட்டுப் போனார்கள், அதுவும் நல்லதாகப் போயிற்று. துறைமுகத்தில் வலை பழுது பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு அறையும் எடுத்துவிட்டேன். வீட்டுக்கார அம்மாள் பெயர் கார்மென், புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள். பெண்டாட்டியை எப்போது கூட்டிவரப் போகிறாய் என்று தினமும் என்னைக் குடைகிறாள். ஆகவே நீ கிளம்பி வா. அம்மாவை அக்கா பார்த்துக்கொள்ளட்டும்.

சொல்வதைக் கவனமாகக் கேள். முதலில் பாஸ்போர்ட்டு, பிறகு அம்மை குத்திக்கொண்ட சீட்டு. சீட்டில்லாவிட்டால் கப்பலை விட்டு இறக்க மாட்டார்கள். பம்பாயில் ஏறி பிரெஞ்சு தேசத்து மார்செய்யில் இறங்கு. அங்கே நம் புதுச்சேரிக்காரர்கள் இருக்கிறார்கள், தமிழ் பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கிருந்து வேறு கப்பல். கம்பளி கொண்டுவா. தீவில் குளிர் இல்லை, வழியில்தான் உயிரை வாங்கும்.

இங்கே மத்தியானம் கடையெல்லாம் சாத்திவிட்டுத் தூங்குவார்கள். ராத்திரிச் சோறு ஊரடங்கிய பிறகுதான். சோளத்தை வறுத்து மாவாக்கித் தின்கிறார்கள், நம் சத்துமாவுக்குத் தங்கச்சி என்று வைத்துக்கொள். எந்தக் குழம்பிலும் மாட்டுக்கறி கிடக்கலாம், கேட்டுவிட்டுக் கைவை. பெண்கள் வந்து கன்னத்தோடு கன்னம் வைப்பார்கள், பயந்து பின்வாங்காதே. முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு தெருவில் இறங்காதே. காமாலை என்று டாக்டரிடம் இழுத்துப் போய்விடுவார்கள். கறுப்புச் சேலை வேண்டாம், இங்கே அது தாலியறுத்தவள் உடுத்துவது. புளி கொண்டுவா. முருங்கை விதையும் கொண்டுவா, காற்று பேய்க்காற்று, ஆனாலும் நட்டுப் பார்ப்போம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஒன்று. துறைமுகத்தில் அதிகாரி, உன் புருஷன் பெயர் என்ன என்று கேட்பான். நீ பக்கத்தில் இருக்கிறவளைப் பார்த்து, "நீ சொல்லுடி" என்று கண்ணைக் காட்டினால் அங்கே சொல்ல ஆளிருக்காது. வாயைத் திறந்து நீயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்போதிருந்தே பெயர் சொல்லிப் பழகு.

உன்னையே நினைத்திருக்கும்
சின்னதம்பி


பனித்திட்டு,
3 மார்ச் 1958

மாமாவுக்குத் தையல் எழுதிக்கொள்வது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கடுதாசி, அதில் பாதி சோளமாவும் மாட்டுக்கறியும். இருக்கட்டும். ஒரு நாளைக்கு நாலு தரம் படிக்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. அம்மை குத்திக்கொண்டதில் கை வீங்கிக் கிடக்கிறது.

அடுப்படியில் யாரும் இல்லாதபோது உங்கள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்தைத் தாண்டவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. அத்தை எட்டிப் பார்த்து, "இன்னாடி, தனியா சிரிக்கிற?" என்றார்கள். "உங்க புள்ள பேரச் சொல்லிப் பழகுறேன் அத்த" என்றேன். "அடிப்பாவி, சொன்னா அவன் ஆயுசு கொறையும்டி" என்று தலையில் குட்டினார்கள். அந்த அதிகாரியிடம் எழுதிக் காட்டினால் போதாதா? ஆனால் எழுதவும் கை வரவில்லை மாமா.

எனக்குத் தூக்கம் இல்லை. நீங்கள் போட்ட சட்டை ஒன்றை யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள், தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன். வெளுக்காமல் அனுப்புங்கள். நம் கரையின் வழக்கம் உங்களுக்கே தெரியும். வெளியூரில் செத்தவன் துணியைத்தான் அலசி மடித்து அனுப்புவார்கள். வேர்வையோடு வந்தால்தான் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

உங்கள்
தையல்


பனித்திட்டு,
20 ஆகஸ்ட் 1958

மாமா,

இருக்கிறேன் என்று ஒரு வரி போடுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

போன வாரம் கப்பல்காரர் ஒருவர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் கோடுபோட்ட சட்டை. வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு மடித்திருந்தது. ஆள் எங்கே என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியாதும்மா, கை மாறி கை மாறி வந்துது" என்றார். முகத்தில் வைத்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.

நான் கேட்டுத்தான் வந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். "வெளுக்காமத்தானே கேட்ட? வெளுத்துல்ல வந்துருக்கு" என்கிறார்கள். அத்தை அன்றைக்குப் படுத்தவர்கள்தான். ஐப்பசி அமாவாசை வரைக்கும் பார்ப்பது, தகவல் இல்லாவிட்டால் காரியம் செய்துவிடுவது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் காலில் விழுந்து வாங்கின தவணை அது.

பாஸ்போர்ட்டு வந்துவிட்டது மாமா. கம்பளி கூட வாங்கிவிட்டேன். பயமாக இருக்கிறது. ஒரு வரி போடுங்கள்.

தையல்


லாஸ் பல்மாஸ்,
9 நவம்பர் 1959

என் தையலுக்கு,

நான் சாகவில்லை. சாகவில்லை. நேற்றுத்தான் திரும்பி வந்தேன். கார்மென் அம்மாள் உன் ஆகஸ்டுக் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தாள். இங்கே தமிழ் படிக்க யார் இருக்கிறார்கள்?

நடந்ததைச் சொல்கிறேன். உன் மார்ச்சுக் கடிதம் கண்டதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். வேலைக்குப் போய்விட்டு வருவதற்குள் கார்மென் அம்மாள் அதைத் துவைத்து மடித்து, ஊருக்குப் போகுமுன் வாங்கிப்போக வந்த என் பழைய கப்பல் கூட்டாளி கடலூர் நடேசனிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். பெண்டாட்டிக்கு யாராவது அழுக்குச் சட்டை அனுப்புவார்களா என்று என்னையே திட்டினாள். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனாலும் நடேசன் நேரில் வந்து நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுவான் என்று இருந்துவிட்டேன். அவன் பாதி வழியில் வேறு கப்பல் மாறி, யார் கையிலோ கொடுத்துவிடுவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த வாரமே ஆப்பிரிக்கா கரைக்கு மீன்பிடிக்கப் போனேன். எல்லை தாண்டினோம் என்று படகோடு பிடித்து ஒன்றரை வருஷம் அடைத்துவைத்தார்கள். அங்கே பேனாவும் இல்லை, தபாலும் இல்லை.

காரியம் செய்திருந்தால் செய்திருக்கட்டும். அழுதுகொண்டிருக்காதே. எனக்கு இங்கிருந்து வெளியேறக் காகிதம் இல்லை, போனால் திரும்ப விட மாட்டார்கள். நீ வா. ஒரு மஞ்சள் கயிறு மட்டும் கொண்டுவா, கார்மென் அம்மாள் முன்னால் திரும்பக் கட்டுகிறேன். இங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பழைய வழிதான்: பம்பாய், மார்செய், இங்கே. அம்மை குத்தினது பழசாகியிருக்கும், மறுபடி குத்திக்கொள். வெள்ளைச் சேலையில் வராதே. என் கண்ணால் பார்க்க முடியாது.

பெயர் சொல்ல வந்துவிட்டதா?

உன்
சின்னதம்பி


மணப்பட்டு,
18 ஜனவரி 1960

சின்னதம்பி அவர்களுக்கு,

தையலம்மாள் எழுதுவது.

உங்கள் கடிதத்தைப் பனித்திட்டிலிருந்து உங்கள் அம்மாவே எடுத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். படித்துக் காட்டினேன். நீங்கள் இருக்கிறீர்கள் என்றதும் மண்ணில் விழுந்து கும்பிட்டார்கள். அப்புறம் எழுந்து உட்கார்ந்து, "அந்த மவராசி எதுக்குடி தொவச்சா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசி அமாவாசையில் காரியம் ஆயிற்று. தர்ப்பையில் ஆள் செய்து, அந்தக் கோடுபோட்ட சட்டையை மாட்டி எரித்தார்கள். கஞ்சி போட்ட துணி, சீக்கிரம் பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் பெரியவர், "யார் பேருக்கு, சொல்லு" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அதுதான் முதல் தடவை. நாக்குத் தடுக்கவே இல்லை.

பிறகு ஆறு மாசம் மீன் கூடை தூக்கினேன். அத்தை தனியாகக் கிடந்து அழுவார்கள். கடைசியில் அவர்களே வந்து, "எம்புள்ளதான் போயிட்டான், நீயாவது ஒரு வூட்டுல இருந்து சோறு துன்னுடி" என்று மணப்பட்டில் மாப்பிள்ளை பேசி, வைகாசியில் அறுத்துக் கட்டி வைத்தார்கள். அவரும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். குடிக்கிறதில்லை, கை நீட்டுகிறதில்லை. எனக்கு இப்போது ஏழாம் மாசம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தச் சட்டையைக் கேட்ட என் வாயை நினைத்துத்தான் ஆறவில்லை. நீங்கள் இங்கே வர வேண்டாம். வந்தால் நான் யார் முன்னால் இந்தத் தாலியை மறைப்பேன்? உங்கள் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒரு தரம் போய் வர அவர் சம்மதித்திருக்கிறார்.

பெயர் சொல்லிப் பழகு என்று எழுதியிருந்தீர்கள். இப்போது உங்கள் பெயரை எழுதவும் வருகிறது, மேலே பாருங்கள். அவர் பெயர்தான் வரவில்லை.

பாஸ்போர்ட்டை அடுப்பில் போட்டுவிட்டேன். கம்பளி பிள்ளைக்கு ஆகும். நீங்கள் கேட்ட முருங்கை விதை இதற்குள் இருக்கிறது. அங்கே பேய்க்காற்று என்றீர்கள். முருங்கை லேசில் முறியும். சுவரோரமாக நட்டு, முட்டுக் கொடுத்து வையுங்கள்.

தையலம்மாள்