வந்தவர் போகவும் திறந்திருக்க வேண்டிய துறை

செங்கரை நாட்டின் ஏழு ஏரிகளுக்கும் இரு துறைகளுக்கும் உரிய வேந்தர் மாறங்கோ பெருமானின் திருமுன், தாழைத்தீவில் தங்கியுள்ள தூதன் நன்னாகன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் வயல்களில் நீர் நிற்க. தங்கள் ஊர்களில் நோய் நில்லாதிருக்க.

கடல் கடந்து போன கல்தச்சர்களை மழைக்கு முன் அழைத்து வருமாறு தாங்கள் என்னை ஏவினீர்கள். பேரேரியின் மதகு இடிந்து கிடக்க, அதைக் கட்டத் தெரிந்த கை ஒன்றும் நாட்டில் இல்லை என்பதை நான் மறக்கவில்லை. போனவர்களால் நாம் இழந்தது பெரிது. ஆயினும் இங்கு நான் கண்டதைச் சொல்ல, எழுத்தாணி ஓலையைக் கிழிக்குமளவு கை விரைகிறது.

இங்கே நம்மவர் அறுபது குடும்பத்தார் ஒரே தெருவில் வாழ்கின்றனர். அவர்கள் நம் நாட்டு மஞ்சளைக் கேட்டு வாங்க, அடுத்த தெருவினரும் அதை உண்டு பழக, இன்று தீவு முழுதும் நம் மஞ்சளுக்குக் காத்திருக்கிறது. நம் வணிகர் கரையிறங்கினால், இரு மொழியும் அறிந்த இவர்களே விலை பேசித் தருகின்றனர். எந்தத் தூதனும் பத்தாண்டில் செய்ய முடியாததை ஒரு தெரு செய்திருக்கிறது.

அதனினும் வியப்பு, கொற்றி என்னும் கல்தச்சி இங்கே கற்றிருப்பது. நம் மதகில் நீர் போக ஒரே துளை. இத்தீவினர் அதற்குக் கீழே சிறு துளை ஒன்றும் வைக்கின்றனர். அதைத் திறந்தால் ஏரியடியின் சேறு நீரோடு கலந்து வெளியேறுகிறது. ஏரி தூர்வதில்லை, வயலுக்கு வண்டலும் கிடைக்கிறது. முழங்கால் சேற்றில் நின்று, மும்முறை திறந்து மூடச் சொல்லிப் பார்த்தேன்.

அவளை நாட்டுக்கு அழைத்தேன். பேரேரி இடிந்ததைக் கேட்டுக் கண் கலங்கினாள். ஆனால் வர மறுத்துவிட்டாள்.

"எலிப்பொறியிலயும் உள்ள போறதுக்கு யாரும் தடை சொல்றதில்ல, தூதரையா. வந்தா திரும்ப விடுவீங்களா? எம் புள்ளைங்க இங்கதானே இருக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரும்பி வந்த தச்சர் மறுபடி கப்பலேறலாகாது என்று நாம் விதித்தது, அவர்களை நாட்டில் இருத்தவே. உள்ளிருந்தவரை அது இருத்தவில்லை. அவர்கள் காவலில்லாத கரைகளில் மறைந்து படகேறிப் போய்விட்டனர். வெளியே இருப்பவரையோ, தாய் இறந்தாலும் வரவொட்டாமல் தடுக்கிறது. போக விடுவோம் என்ற உறுதி இருந்தால் வருவர். கற்றதையும் கொண்டு வருவர். இப்போது வீசும் காற்று அவர்களைக் கொண்டுவரும்; தை மாதத்தில் மாறி வீசும் காற்று திரும்பக் கொண்டுசேர்க்கும்.

ஆகவே, தங்கள் ஆணைக்குக் காத்திராமல் ஒன்று செய்தேன். காத்திருந்தால் மழை முந்தியிருக்கும். மதகு முடிந்ததும் கொற்றியைத் தடையின்றிக் கப்பலேற்றுக என நம் நாட்டுத் துறைக்காவலர்க்குக் கட்டளை எழுதி, தாங்கள் தந்த முத்திரையை அதில் இட்டேன். அது அத்துமீறலாயின், முத்திரையையும் பதவியையும் என்னிடமிருந்து கொள்க. அவளைத் தடுக்க வேண்டா.

இவ்வோலையைத் தங்கள் முன் நீட்டி நிற்பவள் கொற்றியே. நாற்பது நாளில் மதகு எழும் என்கிறாள். இன்னும் பதினொரு தச்சர் இத்தெருவில் இருக்கின்றனர், அவள் திரும்பி வருகிறாளா என்று பார்த்துக்கொண்டு.

ஆவணி வளர்பிறை ஐந்தாம் நாள், தாழைத்தீவுத் துறையில் எழுதி அரச முத்திரை பொறித்தேன். நன்னாகன்.