செவலைப் பசுவை வடக்கு பார்த்துக் கட்டிய விவரம்

பைல் நாடு,
கொல்லிமலை.
பங்குனி 12

திருப்பூர் மில்லில் இருக்கும் மருமகள் கவிதாவுக்கு மாமனார் சென்றாயன் எழுதுவது.

போன வெள்ளிக்கிழமை ஊர்ப் பெரியவர்கள் ஏழு பேர் நம் வாசலில் கூடி, காலைக் கஞ்சியிலிருந்து மத்தியானச் சோறுவரை யோசித்து, செவலைப் பசுவை இனிமேல் வடக்கு பார்த்துக் கட்டுவதென்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். அதுவரை அது கிழக்கு பார்த்து நின்றது.

நீ பஸ் ஏறிய மறுவாரம் அது கன்று போட்டது. காளைக்கன்றுதானே என்று நாலாம் நாளே அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு அனுப்பிவிட்டோம். அதிலிருந்து யாரையும் அண்ட விடவில்லை. பால் கறக்கப் போன செங்கோடன் தொடையில் எட்டுத் தையல். உன் புருஷன் முருகானந்தம் மூங்கில் கம்பால் இரண்டு வேளையும் திருத்திப் பார்த்தான். வடக்கு பார்த்துக் கட்டியும் பலனில்லை.

பிறகுதான் கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து வந்திருக்கும் மாட்டு டாக்டர் ஜோசப்பை அழைத்தோம். முதுகுத் தழும்பைத் தடவி, யாருங்க அடிச்சது என்று கேட்டார். அடிக்கவில்லை, திருத்தினோம் என்றேன். மாடு கெட்ட குணத்தால் முட்டுவதில்லை என்றார் டாக்டர். வலி, பயம், கன்றைப் பிரித்த ஏக்கம் என்று விரல் மடக்கினார். அடிக்கிறதை நிறுத்துங்க, கன்னைக் கொண்டாந்து விடுங்க, தானா அடங்கும் என்றார்.

முருகானந்தம் அன்றே போய், கொண்டை ஊசி வளைவெல்லாம் கன்றை அணைத்துக்கொண்டு லாரியில் வந்தான். பசு அதை நக்கிக்கொண்டே நின்றது. இப்போது யாரும் பால் கறக்கலாம். தாயையும் பிள்ளையையும் பிரித்தது பாவம் என்று ஏழு பேரும் சொன்னார்கள். உன் புருஷன் கண்கலங்கினான்.

உன் கடிதம் கிடைத்தது. குழந்தை சுமித்ராவை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். அதையும் அந்த ஏழு பேரிடமே வைத்தேன். விட்டுப் போனவளுக்குப் பிள்ளை கிடையாது, அது தகப்பன் வீட்டுக்குத்தான் என்பது நம் வழக்கம். முடிவெடுக்க வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை. கை நீட்டினதுக்கெல்லாம் பொம்பளை பஸ் ஏறினா எந்த ஊட்டுல அடுப்பெரியும் என்றார் ஊர்க்கவுண்டர். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. நல்ல மனிதர்.

குழந்தை நலம். கொஞ்சம் கடிக்கிறாள். முருகானந்தத்துக்குப் பேசி வைத்திருக்கும் சுகுணா, பாவம், சோறு ஊட்டப் போய் இரண்டு விரலில் துணி சுற்றியிருக்கிறாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்ததென்று எங்களுக்கு விளங்கவில்லை. அவள் பாயை வடக்கு பார்த்துத் திருப்பிப் போட்டும் பார்த்தோம்.

ஒரு உதவி செய், கண்ணு. நீ கட்டிய பழைய சேலை ஒன்றைத் துவைக்காமல் பார்சலில் அனுப்பு. சுகுணா கட்டிக்கொண்டால் குழந்தை சாப்பிடும் என்று நினைக்கிறோம். அறப்பளீஸ்வரர் உனக்குத் துணையிருப்பார்.

இப்படிக்கு,
சென்றாயன்

பி.கு: இதைத் தபாலில் சேர்க்கப் பத்து நாள் தாமதமாகிவிட்டது. சேலை வேண்டாம். முருகானந்தம் திருத்திவிட்டான். சுமித்ரா இப்போது சுகுணாவை அம்மா என்கிறாள்.