பாப்பாமோட்டையில் குடிக்காத தேத்தண்ணி

ஜூலை 8, செவ்வாய்

சோளகக் காற்று விடுவதாயில்லை. துடைத்த மேசையில் மறுபடி மணல். அண்ணா மகள் என் சிகிச்சை அறைக்கு இணையப் பக்கம் செய்கிறாள். "மாமி, படிப்பு, பயிற்சி எல்லாம் அஞ்சு வரியில தாங்கோ."

எழுதிக் கொடுத்தது:
உளவியல் முதுமாணி, கொழும்பு.
ஆஸ்பத்திரிப் பயிற்சி, ஒன்றரை வருடம்.
கிராமப் பயிற்சி, அடம்பன் பக்கம்.
மன்னாரில் சொந்த அறை, ஏழு வருடம்.

நாலு வரியிலேயே ஆள் முடிந்துவிட்டேன்!

எழுதாதது: படிக்கும்போது இருந்த வெள்ளவத்தை அறை. மூன்று பெண்கள், ஒரு மின்விசிறி. ஒருத்தி நோயாளியாக நடிக்க மற்றவள் சிகிச்சை கொடுக்கும் ஒத்திகை. சுகந்தி நோயாளியாகி அழத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டுவார்: "என்ன பிள்ளையள், ஆரும் செத்துப்போச்சினமோ?" என்ன காலம் அது. அந்தச் சிரிப்புக்கு இப்போது ஏங்குகிறேன்.

பின்னேரம் ஒரு அழைப்பு. பாப்பாமோட்டையிலிருந்து ஒரு மகள். தாய்க்கு மாதக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடும் இல்லை. "முந்தி பயிற்சிக்கு வந்த மிஸ் ஒராளோட கதைச்சவா. அதுக்குப் பிறகு ஒருத்தரையும் நம்பமாட்டா."

தாயின் பெயர் கேட்டேன். செ. அக்கா (முழுப் பெயர் இங்கே வேண்டாம்)! நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

அந்த மிஸ் நான்தான்.

கிராமப் பயிற்சியின் இரண்டாம் மாதம், பாப்பாமோட்டையில் அவர் வீடு. சிகிச்சை பெறுபவரிடம் எதுவும் வாங்கக்கூடாது என்பது விதி. செ. அக்கா காணாமல் போன மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவர், பாதியில் எழுந்துபோய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். "வேண்டாம் அக்கா" என்றேன், பாடமாக்கியபடி. கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எங்கட வீட்டில நீங்கள் குடிக்கமாட்டியள்தானே." மகனின் கதை அதோடு நின்றது.

எந்தச் சாதிக்காரர் எந்த வீட்டில் வாய் நனைக்கமாட்டார்கள் என்று பயிற்சியை மேற்பார்த்த கொழும்பு மேடத்துக்குத் தெரியாது, சரி. இங்கே பிறந்த எனக்குமா தெரியாது? பயிற்சிப் புள்ளி போய்விடும் என்ற பயம். மடைச்சி. அறிக்கையில் "ஒத்துழைப்புக் குறைவு" என்று வேறு எழுதினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது.

மதியம் மகளை அழைத்தேன். "அந்த மிஸ் நான்தான் தங்கச்சி. அம்மாட்டச் சொல்லுங்கோ. விருப்பமெண்டால் மட்டும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இல்லாட்டி வவுனியாவில நல்ல ஆள் இருக்கிறா, நம்பர் தாறன்."

அந்தப் பக்கம் கோழியைச் சூ என்று விரட்டினாள். பிறகு, "கேட்டுப்பாக்கிறன் மிஸ்."

ஜூலை 10, வியாழன்

அழைப்பு இல்லை. இரண்டு தரம் போனை எடுத்து வைத்தேன். வரமாட்டார். வந்தால்தான் அதிசயம்.

ஜூலை 11, வெள்ளி

பத்து மணி பஸ்ஸில் இருவரும் வந்து இறங்கினார்கள், சொல்லாமல் கொள்ளாமல்.

செ. அக்கா பாதியாகிவிட்டார். வாசலில் நின்றே, "உங்களுக்கும் நரைச்சிட்டுது" என்றார்.

"பிழை என்னிலதான் அக்கா. அண்டைக்கு நான் குடிச்சிருக்க வேணும்."

"ஓம். குடிச்சிருக்க வேணும்."

பரவாயில்லை என்று சொல்லவில்லை. கதிரையை எனக்குக் கிட்ட இழுத்து இருந்தார். மகளும் பக்கத்தில் இருக்கப் போனாள்.

"நீ வெளியில இரு பிள்ளை. அண்டைக்கு விட்ட இந்தக் கதையை நான் இவவுக்குத்தான் சொல்ல இருந்தனான்."