சாட்டின் கவுனில் நான் அடித்த காஜா

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. கல்மண்டபத்தில் நாம் சேர்ந்து தொடங்கிய தையல் கடையை நான் நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

மணலி கம்பெனி ஆட்களின் யூனிஃபார்ம் இப்போதும் வருகிறது. கெட்டித் துணி என்பதால், பட்டன் உட்காரத் துளையின் ஒரு முனையை உருண்டையாக விட்டுத்தான் காஜா போடுகிறேன். சட்டைக்கு நேர்க் காஜா போதும். சாட்டினை மட்டும் காஜாவுக்காக வெட்டவே கூடாது, பட்டன் மாட்ட ஓரத்தில் லூப் வைத்துத் தைக்க வேண்டும் என்பாய். அது தெரிந்தும்தான் அன்று அப்படிச் செய்தேன்.

அந்தக் கல்யாண கவுன். நீ உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாய். லூப் தைக்க அரை நாளாகுமே என்று சோம்பல்பட்டு, முதுகுப் பக்கம் முழுக்க மிஷினில் காஜா அடித்துவிட்டேன். மறுநாள் பெண் போட்டுப் பார்த்தபோது இரண்டு காஜா நூல்நூலாகப் பிரிந்தது. அவள் அழ ஆரம்பித்தாள்.

"எங்க வூட்டுக் கல்யாணத்துக்குத்தான் இப்டி பண்ணணுமா? யாரு போட்டது இத்த?" என்று அவள் அம்மா கத்தினார்.

"அக்காதான் போட்டுச்சு" என்றேன். நீ என் பக்கத்திலேயே நின்றிருந்தாய்.

என்னை ஒருமுறை பார்த்தாய். "ஆமாம்மா, என் தப்புதான். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணித் தர்றேன்" என்றாய். காஜா பிரிந்த முதுகுப் பட்டையை எடுத்துவிட்டு, வேறு பட்டை வைத்து லூப் தைத்துக் கொடுத்தாய்.

ஏன் அக்கா அப்படிச் சொன்னாய்? அதன் பிறகு மாதா கோயில் பக்கத்திலிருந்து ஒரு கவுன்கூட உன்னைத் தேடி வரவில்லை. எல்லாம் என் கைக்கு வந்தன. கூசாமல் வாங்கித் தைத்தேன். மூன்று வருடம் அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்திருந்தோம். நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன வாரம் அதே அம்மா இளைய மகளுக்குத் துணி கொண்டுவந்தார். "நீயே தைச்சுக் குடும்மா. அந்த ஸ்டெல்லா மாரி சொதப்பிடாத" என்றார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. "அந்தக் காஜா நான் போட்டதும்மா. அக்கா அன்னிக்குக் கடையிலயே இல்ல."

அந்த அம்மா துணியைத் திரும்ப மடித்தார். "இத்த அது உயிரோட இருந்தப்பவே சொல்லிருக்கணும் நீ" என்று துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் நானே போய்ச் சொல்லப்போகிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார்களோ, திட்டுவார்களோ, தெரியாது. ஒருவர் விடாமல் சொல்லி முடிப்பேன். அதுவரை உன் கல்லறைக்கு வரமாட்டேன்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
நூர்ஜஹான்